ஒரே வீட்டுக்குள் இரண்டு சாலை!

சனிக்கிழமை சாயங்காலம். ஆசாரத்தில் உட்கார்ந்து அண்ணன் போனில் கிரிக்கெட் பார்க்கிறான். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக ஓடுகிறது. உள் அறைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு நீங்கள் அறிவியல் பாட வீடியோவைத் திறக்கிறீர்கள். ஒரு வட்டம் சுற்றுகிறது... சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது! ஒரே வீடு, ஒரே வைஃபை, ஒரே பில். அண்ணனுக்கு மட்டும் எப்படி ஓடுகிறது?

"இந்த நெட்டே சரியில்லீங்கப்பா!" என்று ஒரு சத்தம் போடுகிறீர்கள். "அடுத்த மாசம் பெரிய பிளானுக்கு மாத்திக்கலாம் கண்ணு" என்கிறார் அப்பா.

கொஞ்சம் பொறுங்கள் செல்லங்களே! பெரிய பிளான் என்றால் மாதாமாதம் கூடுதலாகக் காசு போகும். காசு கட்டிய பிறகும் அதே கட்டிலில் அதே வட்டம் சுற்றினால்? அப்படி நடக்க நிறையவே வாய்ப்பு உண்டு. கோளாறு வெளியிலிருந்து வரும் கம்பியில் இருக்க வேண்டும் என்பதில்லை. வைஃபை பெட்டிக்கும் உங்கள் போனுக்கும் நடுவே இருக்கும் அந்த இருபது அடி தூரத்திலும் இருக்கலாம். அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் அப்பாவிடம் பேசுவோம்.

ரேடியோவின் தம்பி

வைஃபை என்றதும் ஏதோ புது மாயம் என்று நினைத்துவிடாதீர்கள். டீக்கடையில் பாடுகிறதே எஃப்.எம். ரேடியோ, அதன் சொந்தத் தம்பிதான் இது. இரண்டுமே ரேடியோ அலைகளில்தான் வேலை செய்கின்றன. கோவை வானொலி நிலையத்தின் ரெயின்போ எஃப்.எம். 103 என்ற எண்ணில் கேட்கும், இல்லையா? அந்த 103 என்பது 103 மெகா ஹெர்ட்ஸ். அதாவது, அந்த அலை ஒரு நொடிக்குள் 10 கோடியே 30 லட்சம் தடவை மேலும் கீழும் ஆடுகிறது! இந்த ஆட்டத்தின் எண்ணிக்கைக்கு 'அதிர்வெண்' என்று பெயர். ரேடியோ அலைகளை 1880-களில் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டிய ஜெர்மனி விஞ்ஞானி ஹைன்ரிச் ஹெர்ட்ஸின் பெயரால்தான் அதை அளக்கிறோம்.

வைஃபை பெட்டி இதைவிட வேகமாக ஆட்டம் போடும். இன்றைக்கு வீடுகளில் இருக்கும் பெட்டிகளில் பல, இரண்டு வகை அலைகளை அனுப்புகின்றன. ஒன்று 2.4 கிகா ஹெர்ட்ஸ். நொடிக்கு 240 கோடி ஆட்டம். இன்னொன்று 5 கிகா ஹெர்ட்ஸ். நொடிக்கு 500 கோடிக்கும் மேல்!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? எல்லா ரேடியோ அலைகளும் ஒளியின் வேகத்தில் ஓடும். ஒரு நொடிக்கு 30 கோடி மீட்டர். இதை அதிர்வெண்ணால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைத்துவிடும். 103 எஃப்.எம். அலையின் நீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர். நீங்கள் படுத்திருக்கும் கட்டிலைவிட நீளம்! 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலை 12 சென்டிமீட்டர் சொச்சம். 5 கிகா ஹெர்ட்ஸ் அலை 6 சென்டிமீட்டர்தான். ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவே. இந்த மூன்று நீளங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"அப்படியானால் அதிகமாக ஆடுகிற அலை அதிக வேகமாக வந்து சேருமா?" என்று ஒரு சுட்டி கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி! ஆனால் பதில், இல்லை. இரண்டு அலைகளும் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. பிறகு 5 கிகா ஹெர்ட்ஸில் படம் வேகமாக வருவது ஏன்? அதைப் புரிந்துகொள்ள நாம் அவிநாசி சாலைக்குப் போக வேண்டும்.

கீழே ஒரு சாலை, மேலே ஒரு சாலை

கோவையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் இருக்கிறது. 2025 அக்டோபரில் திறந்தார்கள். கீழே பழைய அவிநாசி சாலை. அதில் பஸ், ஆட்டோ, இருசக்கர வண்டி, நடந்து போகிறவர்கள் என எல்லாரும் உண்டு. நெரிசல்தான். ஆனால் எந்தச் சந்துக்கும், எந்தக் கடை வாசலுக்கும் அதில் போய்விடலாம். மேலே பாலத்தில் ஏறினால் விர்ரென்று போகலாம். ஆனால் ஏறவும் இறங்கவும் சில இடங்களில்தான் முடியும்.

2.4 கிகா ஹெர்ட்ஸ் கீழ்ச் சாலை. 5 கிகா ஹெர்ட்ஸ் மேம்பாலம்.

கீழ்ச் சாலையின் அகலத்தைப் பார்ப்போம். அது 2,400 மெகா ஹெர்ட்ஸில் தொடங்கி 2,483.5-இல் முடிந்துவிடும். மொத்தமே 83.5 மெகா ஹெர்ட்ஸ் அகலம். ஒரு வைஃபை இணைப்பு ஓட சுமார் 20 மெகா ஹெர்ட்ஸ் அகலமுள்ள தடம் வேண்டும். பெட்டியின் அமைப்பில் 1 முதல் 13 வரை தடங்கள் காட்டும். ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும் தடங்கள். ஒன்றோடொன்று இடிக்காமல் ஓட வேண்டுமானால் 1, 6, 11 என்ற மூன்றுதான் தேறும்.

அந்த மூன்று தடங்களில்தான் உங்கள் வீடு, பக்கத்து வீடு, மாடி வீடு எல்லாம் ஓட வேண்டும். போதாக்குறைக்குப் புளூடூத் காதுக்கருவி, வயர் இல்லாத மவுஸ் இவையும் அதே சாலையில்தான் வருகின்றன. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அதுவும் 2.45 கிகா ஹெர்ட்ஸில் வேலை செய்வதுதான்! அடுப்பு ஓடும்போது கசியும் கொஞ்சூண்டு அலையே உங்கள் வீடியோவைத் தடுக்கப் போதும்.

மேம்பாலம் எவ்வளவு அகலம் தெரியுமா? 5 கிகா ஹெர்ட்ஸ் பகுதியில் நம் நாட்டில் வைஃபைக்கு மொத்தம் 605 மெகா ஹெர்ட்ஸ் இருக்கிறது. கீழ்ச் சாலையைப்போல ஏழு மடங்குக்கும் மேல். அங்கே ஒரு போன் 80 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ள முடியும். அலை வேகமாக ஓடவில்லை, சாலைதான் அகலம். அகலமான சாலையில் ஒரே நொடியில் நிறைய லாரி போகும் இல்லையா, அதுதான் ரகசியம்.

பாலத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதற்கு வைத்திருக்கும் பெயர் ஜி.டி.நாயுடு. கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காமல், விதவிதமான எந்திரங்களை உருவாக்கிய நம்ம ஊர் மேதை. ஐந்து வால்வு வைத்த ரேடியோப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்து தர முடியும் என்று 1941-இல் அறிவித்தவர் அவர். ரேடியோ அலைகளுக்கு உதாரணம் சொல்ல அவர் பெயர் கொண்ட பாலமே வாய்த்தது நல்ல பொருத்தம்தான்!

போனுக்குள் ஒரு ரகசிய எண்

வீட்டில் ஓர் ஆண்ட்ராய்டு போனை எடுத்து, அமைப்புகளில் வைஃபை பெயரைத் தொட்டுப் பாருங்கள். பல போன்களில் 'இணைப்பு வேகம்' என்று ஓர் எண் காட்டும். கூடவே 2.4 அல்லது 5 என்று அதிர்வெண்ணும் இருக்கும். 2.4 கிகா ஹெர்ட்ஸில் பெரும்பாலும் 72 எம்.பி.பி.எஸ். என்றோ அதற்குக் கீழோ காட்டும். 5 கிகா ஹெர்ட்ஸில் அதே போன் 433 என்று காட்டலாம். இரண்டு ஆன்டெனா உள்ள போனாக இருந்தால் இவை 144 என்றும் 866 என்றும் இரட்டிப்பாகும்.

இந்த எண் இன்டர்நெட்டின் வேகம் அல்ல. பெட்டியும் போனும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம். அதிலும் பாதி நேரம் "நான் பேசலாமா?", "பேசு", "வந்து சேர்ந்ததா?", "சேர்ந்தது" என்ற விசாரிப்பிலேயே போய்விடும். எனவே 72 என்று காட்டினால் உண்மையில் 35, 40 கிடைத்தாலே பெரிது.

இப்போது அப்பாவின் பிளானுக்கு வாருங்கள். வீட்டுக்கு வரும் இணைப்பு 100 எம்.பி.பி.எஸ். என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருப்பது 2.4 மட்டுமே தெரிந்த பழைய போன். அதற்கு 40-தான் வந்து சேர்கிறது. பிளானை 200 ஆக்கினால் உங்கள் போனுக்கு எவ்வளவு வரும்? அதே 40! மேல்நிலைத் தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும், கீழே இருக்கும் குழாய் அரை அங்குலமாக இருந்தால் குடம் மெதுவாகத்தானே நிரம்பும்?

உண்மையில் நல்ல தெளிவான வீடியோ ஒன்று ஓட 5 எம்.பி.பி.எஸ். இருந்தாலே போதும். கட்டிலுக்கு அந்த ஐந்துகூட வந்து சேரவில்லை என்பதுதான் சங்கதி. எங்கே தொலைந்தது அது?

அலையைத் தின்னும் வீடு

வழியில் இருந்த சுவர் தின்றுவிட்டது!

ரேடியோ அலை சுவர் வழியாகப் போகும். நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், 1895-இல் கொல்கத்தாவில் ஒரு கூட்டத்தின் நடுவே, கம்பி இல்லாமல் அலையை மட்டும் அனுப்பித் தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார். வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். இடையில் சுவர் இருந்தும் அலை போய்ச் சேர்ந்தது. மில்லிமீட்டர் கணக்கில் நீளமுள்ள குட்டி அலைகளையெல்லாம் அந்தக் காலத்திலேயே ஆராய்ந்தவர் அவர்.

ஆனால் சும்மா போகாது. ஒவ்வொரு சுவரும் கொஞ்சம் சுங்கம் பிடித்துக்கொள்ளும். பொதுவாக, நீளமான அலை தடைகளைச் சுற்றி வளைந்தும் ஊடுருவியும் எளிதாகப் போகும். குட்டை அலை சீக்கிரம் களைத்துவிடும். அதனால்தான் 12 சென்டிமீட்டர் அலை இரண்டு சுவர் தாண்டியும் வருகிறது. 6 சென்டிமீட்டர் அலை ஒரு கான்கிரீட் சுவரைத் தாண்டியதுமே "போதும்டா சாமி" என்று உட்கார்ந்துவிடுகிறது.

எல்லாச் சுவரும் ஒன்றில்லை. மரக்கதவு, மெல்லிய பலகை என்றால் அலை லேசாகப் போய்விடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கொஞ்சம் கடினம். ஒன்றரை அடி கனத்தில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய தொட்டிக்கட்டு வீட்டுச் சுவர் அதைவிடக் கடினம். உள்ளே இரும்புக் கம்பி ஓடும் கான்கிரீட், மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே இருக்கும் தளம், இவை பெரிய தடை.

உலோகம்தான் மகா வில்லன். இரும்பு பீரோ, பிரிட்ஜ், எவர்சில்வர் உடம்புள்ள கிரைண்டர் எல்லாம் அலையைத் திருப்பி அடித்துவிடும். நம் கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பொருள்தான். ஆனாலும் அதற்குப் பின்னால் வைஃபை பெட்டியை ஒளித்து வைத்தால் அது மாவை மட்டும் அரைக்காது! நிலைக்கண்ணாடியின் பின்புறம் பூசியிருப்பதும் உலோகம்தான். தண்ணீரும் அலையை உறிஞ்சிவிடும். தண்ணீர் டிரம்மை ஒட்டிப் பெட்டியை வைக்கக்கூடாது. அட, மனித உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே? விசேஷ வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியதும் வைஃபை மந்தமாவதற்கு, எல்லாரும் போனை நோண்டுவதோடு இதுவும் ஒரு காரணம்.

மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடிக் கதவை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பொடிப் பொடி ஓட்டைகள் உள்ள உலோக வலை இருக்கும். ஓட்டைகள் ஒரு மில்லிமீட்டர் அளவு. அலையோ 12 சென்டிமீட்டர். ஆகவே அலை வெளியே வர முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் அலை மிக மிகக் குட்டி. அது வந்துவிடும். அதனால்தான் உள்ளே வேகும் உணவு நமக்குத் தெரிகிறது. இந்த வலையை மறந்துவிடாதீர்கள், ஊட்டியில் இதைவிடப் பெரிய வலை ஒன்றைப் பார்க்கப் போகிறோம்.

சாளையும் அடுக்குமாடியும்

அப்படியானால் சுவர் தாண்டும் 2.4 உயர்ந்ததா, அகலமான 5 உயர்ந்ததா? வீட்டைப் பொறுத்தது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு தோட்டத்துச் சாளை. சுற்றிலும் வேறு வீடே கிடையாது. அங்கே கீழ்ச் சாலை காலியாகக் கிடக்கும். களம், கட்டுத்தரை, பொடக்காளி வரைக்கும் சிக்னல் வேண்டுமென்றால் 2.4-தான் சரி.

சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடி. வைஃபை பட்டியலைத் திறந்தால் முப்பது பெயர் வரும். அத்தனையும் 1, 6, 11-இல் முட்டி மோதுகின்றன. இங்கே 5 கிகா ஹெர்ட்ஸின் பலவீனமே அதன் பலம்! சுவர் தாண்டாது என்றால், பக்கத்து வீட்டு அலையும் உங்கள் அறைக்குள் அவ்வளவாக வராது இல்லையா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வைஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி. "உள்ளேன் ஐயா" என்று டக்கென்று சொன்னால் அடுத்தவர் பெயருக்குப் போய்விடலாம். ஒரு பையன் மட்டும் "உ...ள்...ளே...ன்..." என்று இழுத்தால் மொத்த வகுப்பும் காத்திருக்க வேண்டும். தூரத்து மூலையில் பலவீனமான சிக்னலோடு இழுத்துக்கொண்டிருக்கும் பழைய போன் ஒன்று, வீட்டில் இருக்கும் மற்ற எல்லாப் போனையும் இப்படித்தான் தாமதப்படுத்துகிறது. அண்ணன் ஆட்டம் நடுவில் தடுமாறினால் காரணம் நீங்களாகக்கூட இருக்கலாம்! அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று ஒட்டியிருக்கும். நிறையப் பெரியவர்களே இங்கே ஏமாந்துபோகிறார்கள். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி செல்போன் சேவை வேறு. அதில் ஐந்து என்பது ஐந்தாம் தலைமுறை. வைஃபை பெயரில் இருக்கும் 5 என்பது 5 கிகா ஹெர்ட்ஸ். 4ஜி போனிலும் 5 கிகா ஹெர்ட்ஸ் வைஃபை இருக்கலாம். கடையில் புதுப் போன் வாங்கும்போது "வைஃபையில் ரெண்டு பேண்டும் வருங்களா?" என்று கேளுங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி மரியாதையோடு பார்ப்பார்.

அலைக்கு லைசென்ஸ்

ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும் என்று சொன்னால் நம்புவீர்களா? தபால் ஆபீசில் பணம் கட்டிச் சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். 1980-களில்தான் அது ஒழிந்தது. உங்கள் அப்பாரு, அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், பழைய டிரங்குப் பெட்டியில் அந்தப் புத்தகம் கிடைத்தாலும் கிடைக்கும்.

அலையை அனுப்புவதற்கு இன்னும் கடுமையான சட்டம். யார் வேண்டுமானாலும் எந்த அதிர்வெண்ணிலும் அனுப்பினால் விமானம், போலீஸ், ராணுவம் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும் அல்லவா? அதனால் அரசு ஒவ்வொருவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது. 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதியைக் குறைந்த சக்தியில் யாரும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005-இல் அறிவித்தது. 5 கிகா ஹெர்ட்ஸில் நான் சொன்ன 605 மெகா ஹெர்ட்ஸ் முழுவதும், வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும், 2018 அக்டோபரில் திறந்துவிடப்பட்டது. 6 கிகா ஹெர்ட்ஸில் இன்னும் 500 மெகா ஹெர்ட்ஸைத் திறப்பதற்கான வரைவு விதிகளை 2025 மே மாதம் வெளியிட்டார்கள். அதற்கு, அந்த அதிர்வெண் தெரிந்த புதுப் பெட்டியும் புதுப் போனும் வேண்டும். அலை இன்னும் குட்டை என்பதால் சுவர் தகராறு அங்கேயும் உண்டு.

பேசுவதற்குப் பங்கு பிரித்தது மாதிரி, பேசாமல் இருப்பதற்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள்! அதைப் பார்க்க மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறுவோம்.

முத்தோரையில் ஒரு பெரிய காது

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை என்ற இடத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் நடத்தும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1970 முதல் வேலை செய்கிறது. வடிவமைத்தவர் கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானி. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தொட்டில் மாதிரி மலைச் சரிவில் படுத்திருக்கும். ஊட்டி, பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 11 டிகிரி வடக்கே இருக்கிறது. அதே 11 டிகிரி சாய்வுள்ள மலைச் சரிவாகத் தேடிப் பிடித்து இதைக் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பார்க்கலாம். மலையையே கருவியாக்கிய இந்த யோசனைக்கு ஈடு இணை கிடையாது என்பது என் எண்ணம்.

இது கேட்பது 326.5 மெகா ஹெர்ட்ஸில். கணக்குப் போடுங்கள், அலை நீளம் 92 சென்டிமீட்டர். அதனால் இதற்குக் கண்ணாடியோ முழுத் தகடோ தேவையில்லை. 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகளை இடைவெளி விட்டு நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த நீள அலைக்கு இடைவெளி தெரியவே தெரியாது, கம்பிகள் முழுச் சுவராகத் தெரிந்து திருப்பி அனுப்பிவிடும். மைக்ரோவேவ் கதவு வலையின் பெரியண்ணன்!

வானத்திலிருந்து வரும் சிக்னல் அத்தனை மெல்லியது. அந்த அதிர்வெண்ணில் அக்கம்பக்கத்தில் யாராவது சத்தம் போட்டால் எல்லாம் பாழ். அதனால்தான் அந்தப் பகுதியை வானியலுக்காக அமைதியாக வைத்திருக்கிறார்கள்.

இதற்கும் உங்கள் வைஃபைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஆஸ்திரேலியாவில் ஜான் ஓசல்லிவன் என்ற ரேடியோ வானியல் விஞ்ஞானி இருந்தார். வெடித்துச் சிதறும் குட்டிக் கருந்துளைகளிலிருந்து ஏதாவது ரேடியோ துடிப்பு வருகிறதா என்று 1970-களில் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை! ஆனால் விண்வெளியில் கலங்கிப்போய் வரும் சிக்னலைத் தெளிய வைக்கும் கணித வழிகள் கைக்கு வந்தன.

வீட்டுக்குள்ளும் இதே கலக்கம் உண்டு. ஒரே அலை நேராகவும் வரும், சுவரில் பட்டும் வரும், பீரோவில் பட்டும் வரும். மண்டபத்தில் மைக்கில் பேசினால் எதிரொலி கலந்து ஒன்றும் புரியாமல் போகுமே, அந்த மாதிரி. 1990-களில் அவரும் அவரது ஆய்வுக்குழுவினரும், ஒரே வேகமான ஓடையாக அனுப்பாமல் செய்தியைப் பல மெதுவான ஓடைகளாகப் பிரித்துப் பக்கம் பக்கமாக அனுப்பி, எதிரொலித் தொல்லையைச் சமாளிக்கும் வழிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைய வைஃபையின் வேகத்துக்கு அந்த வழியும் ஒரு காரணம். காணாமல் போன கருந்துளையைத் தேடியவர்களால் உங்கள் கட்டிலுக்குக் கார்ட்டூன் வருகிறது!

ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சி

இனி நீங்கள்தான் விஞ்ஞானி. ஒரு நோட்டு, ஒரு பென்சில், வேகம் அளக்கும் செயலி உள்ள ஒரு போன் போதும். பெட்டியின் அமைப்பை மாற்றுவதாக இருந்தால் மட்டும் அப்பா, அம்மாவைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது வீட்டில் வேறு யாரும் வீடியோ பார்க்கக்கூடாது. அண்ணனைச் சம்மதிக்க வைப்பதுதான் இதில் கடினமான வேலை.

ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். பெட்டிக்கு ஓரடி தூரத்தில், ஆசாரத்தின் மறுகோடியில், உங்கள் கட்டிலில், சமையலறையில், பொடக்காளியில். ஒவ்வோர் இடத்திலும் 2.4-இல் மூன்று தடவை, 5-இல் மூன்று தடவை அளந்து, நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள். ஒரே தடவை அளந்தால் ஏமாற்றும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் தானாகவே ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பெட்டியில் பெயரைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் பெட்டியைக் கொஞ்சம் இடம் மாற்றிப் பாருங்கள். டி.வி.க்குப் பின்னால் தரையில் கிடந்தால் மேலே அலமாரிக்கு ஏற்றுங்கள். வீட்டின் ஒரு மூலையில் இருந்தால் கம்பி நீளம் விடுகிற அளவுக்கு நடுவே கொண்டுவாருங்கள். அலை எல்லாப் பக்கமும் பரவுவது. மூலையில் வைத்தால் பாதி அலை தெருவுக்குத்தான் போகும், தெருநாய்க்கு வைஃபை எதற்கு? ஓரடி நகர்த்தினாலே எண் மாறும் இடங்கள் உண்டு. மறுபடி ஐந்து இடத்திலும் அளந்து முதல் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இப்போது நோட்டு பதில் சொல்லும். பெட்டிக்கு ஓரடி தூரத்தில் 5 கிகா ஹெர்ட்ஸில் நின்றும் பிளானில் சொன்ன வேகத்தில் பாதிகூட வரவில்லையா? அப்படியானால் பழுது வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கலாம். இணைப்புத் தருகிறவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதுதான். அங்கே பிளான் வேகம் முழுசாக வந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது மட்டும் திணறுகிறதா? அப்போது பெரிய பிளான் பற்றி அப்பா யோசிக்கலாம். ஓரடியில் 95, கட்டிலில் 4 என்று வந்தால்? நோட்டை அப்பாவிடம் காட்டி, பீரோவை நகர்த்த ஒரு கை கொடுக்கச் சொல்லுங்கள்.